அன்றாடப் பரிசுத்தப் பார்வைக் குழு

போதகர் சொன்னதில் தப்பே இல்லை. பரிசுத்தம் ஆலயத்துக்குள் மட்டும் இருக்கிற சமாச்சாரமல்ல, அடுப்படியிலும் கடைத்தெருவிலும் வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் இருக்கவேண்டியது, பாத்திரம் கழுவுகிற கையிலும் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசுகிற நாக்கிலும் கடவுளுக்கு வேலை இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். அதோடு ஜெபத்தைச் சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரருக்கு அந்தப் பிரசங்கம் ரொம்பப் பிடித்துப்போனது. பிரசங்கங்களில் மேய்ப்பர்கள் வருவார்கள், மீன்பிடிக்கிறவர்கள் வருவார்கள், ராஜாக்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சாக்கடை அடைப்பு எடுக்கிறவனுக்கும் அதில் இடம் உண்டு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த மனைவியை முழங்கையால் இடித்து, "நம்மளத்தான் சொல்றாரு" என்றார்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து தணிக்கையாளர் எழுந்தார். அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை அவரைவிட்டுப் போய்விட்டதே தவிர அவர் வேலையை விடவில்லை. "ஐயா அருமையாகச் சொன்னார்கள்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். இதையெல்லாம் யார் சரிபார்ப்பது?"

போதகர் சுபாவத்தில் பயந்தவர். கடவுள்தான் பார்ப்பார் என்று சொல்ல வாயெடுத்து, தணிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரமே அன்றாடப் பரிசுத்தப் பார்வைக் குழு பிறந்துவிட்டது. தலைவர் தணிக்கையாளர். பாடகர் குழுவை நடத்துகிற சங்கீத அக்கா செயலாளர். போதகர் அலங்காரத்துக்கு.

குழு வீடு வீடாகப் போகும். போய் உட்காரும். வீட்டாரோடு பேசாது, தண்ணீர்கூடக் குடிக்காது, எதிலும் தலையிடாது. வீட்டார் சாதாரணமாக இருக்கவேண்டும். அந்தச் சாதாரணத்தில் பரிசுத்தம் தட்டுப்பட்டால் தணிக்கையாளர் கையிலிருக்கும் பித்தளை மணியை ஒரு தடவை அடிப்பார். குறை தட்டுப்பட்டால் இரண்டு தடவை. பார்வை முடிந்து தேறின வீட்டுக்குச் சான்று கிடைக்கும். சான்று இல்லாத வீட்டில் கல்யாணம் நடத்திவைக்கப் போதகர் வரமாட்டார், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கிடையாது.

கடைசியாகச் சொன்னதுதான் குழாய்க்காரரைப் பயமுறுத்தியது. அவருடைய மகள், புருஷன் விட்டுப்போனதால் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் மாதம் நிறைவதற்குள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தாள். குழந்தைக்கு நெஞ்சு பலவீனம். உதடு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஞானஸ்நானம் ஆகாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று குழாய்க்காரர் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து குழந்தையின் உதட்டைப் பார்ப்பார். ஞானஸ்நானத்தின்போதுதான் பெயர் வைப்பது என்று இருந்ததால் குழந்தைக்கு இன்னும் பெயர்கூட இல்லை. பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சான்று கேட்டுப் போனபோது தணிக்கையாளர், "உங்க வீடு கொஞ்சம் சிக்கலான வீடு. கூடுதலாப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மற்ற வீடுகளில் நடந்ததைக் கேட்கக் கேட்கப் பயம் கூடியது. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் குடும்ப ஜெபத்தின் நடுவே சின்ன மகன் விக்கலெடுத்து, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மணி இரண்டு தடவை அடித்தது. தையல்காரர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது. பார்வை முழுக்க இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "இப்படி ஒரு சமாதானத்தை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை" என்று தணிக்கையாளர் மணியை அடித்து அடித்துக் கை வலித்து, சங்கீத அக்காவிடம் கொடுத்து அடிக்கச் சொன்னாராம்.

வீட்டுப் பார்வைக்கு முன்னால் வேலையிடப் பார்வை என்று ஒன்று உண்டு. குழாய்க்காரர் ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டில் கழிவுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். சங்கீத அக்கா மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, தணிக்கையாளரின் மணியோடு எட்டத்தில் ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். குழாய்க்காரர் தோள்வரை கையை விட்டுத் துழாவி, அழுகின மாவும் கொழுப்புமாக ஒரு கட்டியை வெளியே இழுத்தார். டிங், டிங் என்றது மணி.

"என்னம்மா தப்பு?" என்றார் குழாய்க்காரர், கையில் கட்டியோடு.

"முகத்தைச் சுளிச்சீங்க."

"சாக்கடைக்குள்ள கைய விட்டா சுளிக்காம எப்படிம்மா இருக்க முடியும்?"

"சந்தோஷமா விடலாமே!" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு மணி என்றாலே ஆகாது. தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட அப்படியே நின்று, தான் கடைசியாக என்ன செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் மட்டுமல்ல, சபையில் பாதிப்பேர் அப்படித்தான் நின்றார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெருவே உறைந்துபோய் நின்றுவிட்டு அப்புறம்தான் நகரும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மன்னிப்புதான் ஆளைக் கொன்றது. பார்வையின்போது வீட்டார் யாரையாவது மன்னித்துக் காட்டவேண்டும் என்பது குழுவின் விதி. மன்னிப்பதென்றால் யாராவது நமக்குத் தீங்கு செய்திருக்கவேண்டும். சான்று எதிர்பார்த்துக் காத்திருக்கிற சபையில் எவன் துணிந்து தீங்கு செய்வான்? நேற்றுவரை வாய்க்கால் தகராறு, வாசல் தகராறு என்று அடித்துக்கொண்டவர்கள் இன்று ஒருவரையொருவர் கும்பிட்டபடி ஒதுங்கினார்கள். ஆலய வாசலில் நீங்க முதலில், இல்லை நீங்க முதலில் என்று நின்று, ஆராதனை தாமதமாகத் தொடங்கியது. மன்னிக்க ஆள் தேடி மனிதர்கள் வீதி வீதியாக அலைந்தார்கள்.

குழாய்க்காரர் தன் மச்சானிடம் போனார். மனைவியின் தம்பி. இருபது பேர் கூடின சபையிலும் அவரைச் 'சாக்கடை' என்று கூப்பிட்டுச் சிரிக்கிற பிரகிருதி. அவன் வாயை நம்பித்தான் போனார்.

"வாங்க மச்சான், உக்காருங்க. வேலையெல்லாம் எப்படிப் போகுது? உங்க கை வேலை மாதிரி வராது" என்றான் அவன்.

குழாய்க்காரருக்குப் பகீரென்றது. "மச்சான், ஒரு உதவி. நம்ம வீட்டுக்கு வந்து என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க."

"ஐயையோ! எனக்கு அடுத்த வாரம் பார்வை."

"எப்பவும் திட்டுறதுதானே?"

"அது அப்போ. இப்போ உங்கள மனசாலகூட நினைக்கிறதில்ல" என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான் மச்சான். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "உங்களுக்குக் கோவம் ஏதும் வந்தா என்னை நாலு திட்டுங்களேன், எனக்கும் ஆள் கிடைக்கல" என்று மெதுவாகக் கேட்டான்.

கடைசியில் கைகொடுத்தவர் கீழ்வீட்டுச் சலவைக்காரர். அவர் எந்தச் சபையையும் சேர்ந்தவரல்ல. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பிழைப்பு. சான்று தேவைப்படாத ஒரே மனிதர் என்பதால் அந்தப் பக்கத்தில் பாவம் செய்ய வசதி உள்ளவரும் அவர் ஒருவர்தான். ஏற்கெனவே பல வீடுகளுக்குப் போய்த் திட்டிக் கொடுத்து அவர் தொண்டை கட்டியிருந்தது.

"உங்க வீட்டுக்குச் செய்யாமயா அண்ணே? மேல இருந்து தண்ணி ஒழுகுதுன்னு கத்திக்கிட்டு வரேன். நீங்க மன்னிச்சிருங்க. கொஞ்சம் சீக்கிரமா மன்னிச்சிருங்க, வேன்ல துணி ஏத்தணும்" என்றார்.

பார்வை நாள் வந்தது. வீடு இரண்டு அறையும் ஒரு அடுப்படியும்தான். முன்னறையில் இருந்த மூன்று நாற்காலிகளையும் குழுவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டார் தரையில் உட்கார்ந்தார்கள். தணிக்கையாளர் மடியில் மணியை வைத்துக்கொண்டார். சங்கீத அக்கா சுவரைச் சுற்றிப் பார்த்தாள். போதகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்ச முகமா இருங்க" என்று மனைவி உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"இதுதான் என் சிரிச்ச முகம்" என்றார் குழாய்க்காரர். வியர்த்துக் கொட்டியது.

குடும்ப ஜெபம் நடந்தது. ஒரு மணி. மனைவி கீரை ஆய்ந்தாள். சொத்தை இலையைக் கண்டும் முணுமுணுக்காமல் எடுத்துப் போட்டாள். ஒரு மணி. குழாய்க்காரர் துடைப்பத்தை எடுத்து ஏற்கெனவே பெருக்கின இடத்தைத் திரும்பப் பெருக்கினார். மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று யோசித்தபடி மூன்றாவது தடவையும் பெருக்கினார்.

மகள் சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பால் குடிக்காமல் தலையைத் திருப்பியது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "அம்மா, பாப்பா ஒரு மாதிரியா மூச்சு விடுறா" என்றாள் மகள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, இப்போ முடிஞ்சிரும்" என்றாள் மனைவி. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

தணிக்கையாளர் தலையை ஆட்டி மணியை ஒரு தடவை அடித்தார். "பொறுமை" என்று சங்கீத அக்காவுக்கு விளக்கினார்.

குழாய்க்காரருக்கு எழுந்து போய்க் குழந்தையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. எழுந்தால் பதற்றம் என்று இரண்டு அடித்துவிடுவார்களோ? அடித்தால் சான்று போய்விடும். சான்று போனால் ஞானஸ்நானம் போய்விடும். பிள்ளைக்காகவே பிள்ளையைப் பார்க்காமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த மனிதர். அவருடைய வாழ்க்கையில் அதைவிட மோசமான நேரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். சலவைக்காரர் ஒப்புக்கொண்டபடி சரியாக வந்து சேர்ந்தார். "யோவ் குழாய்க்காரா! ஊரு குழாயெல்லாம் சரி பண்ற, உன் வீட்டுக் குழாய் என் தலையில ஒழுகுது! உன்னையெல்லாம்..." என்று கையை ஓங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், மகளின் மடியைப் பார்த்து அப்படியே நின்றார். ஓங்கின கை கீழே இறங்கியது. "என்னண்ணே, பிள்ளை உதடு நீலமா இருக்கு! எல்லாரும் உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க?"

துடைப்பம் கீழே விழுந்தது. குழாய்க்காரர் குழந்தையைத் தூக்கினார். கையில் கனமே தெரியவில்லை. "ஐயா, உங்க காரு கீழதானே நிக்குது? ஆஸ்பத்திரிக்குப் போகணும், கொஞ்சம் வாங்க!" என்றார் தணிக்கையாளரிடம்.

தணிக்கையாளர் உட்கார்ந்தபடியே நிதானமாகச் சொன்னார்: "பார்வை முடியும்வரை குழு எதிலும் தலையிடாது. தலையிட்டால் நாங்கள் பார்த்தது உங்கள் பரிசுத்தமா, எங்கள் பரிசுத்தமா என்ற குழப்பம் வந்துவிடும்."

குழாய்க்காரர் அப்போது சொன்ன வார்த்தையை இங்கே எழுதினால் அச்சுக்கூடத்தில் ஒருவரும் வேலைக்கு நிற்கமாட்டார்கள். அடைப்பு எடுக்கிற தொழிலில் பல வருஷமாகச் சேர்ந்து, இத்தனை நாளாகப் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்த வார்த்தை அது. தணிக்கையாளரையும் அவர் மணியையும் அவர் குழுவையும் மூன்றையும் சேர்த்துச் சொன்னார். பின்னாலேயே டிங், டிங், டிங், டிங் என்று கேட்டது. அதற்குள் அவர் படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டார்.

சலவைக்காரரின் வேனில், வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து போனார்கள். மகள் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். மனைவி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், முகம் அப்படியே மாட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில்தான் அது உடைந்து ஓவென்று அழுதாள்.

நர்ஸுகள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, "இப்போ எதுவும் சொல்ல முடியாது. வேணும்னா ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போங்க. கைய நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள். மகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, நீங்க போங்க" என்றாள்.

உள்ளே கை கழுவுகிற தொட்டி இருந்தது. குழாய்க்காரர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எப்போது நிற்குமோ என்றிருந்தது. போதகர் இல்லை, குழு இல்லை, சான்றும் இல்லை. உள்ளங்கையைக் குழாய்க்குக் கீழே ஏந்திக் கொஞ்சம் தண்ணீர் பிடித்தார். விரலிடுக்கு வழியாகப் பாதி ஒழுகிப்போனது. நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டாள்.

ஞானஸ்நானத்துக்குப் பெயர் வேண்டுமே! அந்தப் பதற்றத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பெயரும் மறந்துபோய், செத்துப்போன தன் அம்மாவின் பெயர் ஒன்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்லி, ஒரு சொட்டை நெற்றியில் வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி முடித்தார். சொல்லும்போது குரல் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது.

அவருக்கு அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை வாரமாக மணிக்கும் குழுவுக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. உண்மையான பயம் வந்து நிற்கும்போது தணிக்கையாளருக்கு அதில் உட்கார நாற்காலிகூட இல்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. வந்த கையோடு குழாய்க்காரரைக் குழு கூப்பிட்டு அனுப்பியது.

ஆலயத்தின் பக்கத்து அறையில், நீள மேஜைக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். குழாய்க்காரர் நின்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று போதகர் கேட்கத் தொடங்கினார். தணிக்கையாளர் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார்.

"முதல் விஷயம்" என்றார் தணிக்கையாளர். குரலில் வழக்கமில்லாத ஓர் உற்சாகம். "அன்று நீங்கள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். என் பரம்பரையில் யாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதை நான் முழுமனதோடு மன்னிக்கிறேன்." கண்ணை மூடி, தனக்குத் தானே ஒரு தடவை மணி அடித்துக்கொண்டார். அந்தச் சபையில் மன்னிக்க ஆள் கிடைத்த பாக்கியவான் அன்று அவர் ஒருவர்தான். முகம் பூரித்துப்போயிருந்தது.

"என்னைத் தனியா ஒண்ணும் சொல்லலையே" என்றாள் சங்கீத அக்கா வருத்தத்தோடு.

"குழுன்னு சொன்னேன்மா. அதுல நீங்களும் உண்டு" என்றார் குழாய்க்காரர், அவள் மனம் நோகக்கூடாதே என்று. அவளும் மன்னித்துக்கொண்டாள்.

"இரண்டாவது விஷயம். ஆஸ்பத்திரியில் நீங்களே ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கேள்விப்படுகிறோம். குழு ஆராய்ந்து பார்த்தது. தண்ணீர் சரி. வார்த்தை சரி. கைதான் சரியில்லை. அந்த நேரத்தில் அது குறைக்கு மணி வாங்கின கை. ஆகவே அது செல்லாது. ஆனாலும் குழு இரக்கமுள்ளது. 'நான் செய்தது செல்லாது' என்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்றைக்கே சான்று, அன்றைக்கே முறைப்படி ஞானஸ்நானம்."

சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். குழாய்க்காரருக்கு அது நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"ஐயா, பிள்ளை அங்கேயே செத்துப்போயிருந்தா? அப்போ செல்லுமா?"

போதகர் நிமிர்ந்து பார்த்தார். தணிக்கையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த நிலை ஏற்படவில்லை. ஆகையால் குழு அதைப் பரிசீலிக்கவில்லை."

"அப்படின்னா நான் சொல்ல மாட்டேங்க."

"என்ன?"

"செல்லாதுன்னு சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு, இப்பவும் நடுங்குது பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கியது. "ஆனா அது செல்லுங்க."

மணி இரண்டு தடவை அடித்தது. அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

முற்றத்தைப் பாதி தாண்டுவதற்குள் பின்னால் வேகமாகக் காலடி கேட்டது. போதகர். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. ஆலயச் சுவர் ஓரமாக, அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்குக் குழாய்க்காரரை இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன பேரு வச்சீங்க?" என்றார்.

"எங்கம்மா பேருங்க ஐயா" என்று குழாய்க்காரர் அந்தப் பெயரைச் சொன்னார்.

போதகர் அதைத் தானும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நல்ல பேரு. நான் அங்க இருந்திருந்தா நானும் இதையேதான் செஞ்சிருப்பேன்" என்றார். பிறகு, அன்று அந்த வீட்டில் நாற்காலியில் அவரும்தான் இருந்தார் என்பது ஞாபகம் வந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து மணி ஒரு தடவை அடித்தது. யாருக்கு, எதற்கு என்று தெரியவில்லை. போதகர் திடுக்கிட்டு, அங்கியை இறக்கிச் சரிசெய்து, உள்ளே ஓடினார்.